அரைச்சுரம் கூடிய பாட்டு

ஞாயிறு காலைகளில் இந்த ஒல்லாந்து ஊரின் தேவாலய மண்டபத்தில் ஏழு கிழவர்கள் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் வாசிக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பு மக்களின் பழம்பாட்டுகளை ஒரு சுரமும் பிசகாமல் உயிர்ப்பிக்கிறார்களாம். வெளியே பனி கொட்டுகிறது. எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். எட்டாவது ஆள் நான், கிளாரினெட். கிழமை முழுவதிலும் என்னோடு மனிதர் கதைக்கிற இடம் அது ஒன்றுதான்.

போன ஞாயிறு, நான் சின்ன வயதில் பழகிய ஒரு சவ ஊர்வலப் பாட்டை முதல்முறை எடுத்தோம். நான் ஊதத் தொடங்கியதும் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். "அரைச்சுரம் மேலே போகிறாய். யார் பழக்கியது?" என்றார் தலைவர் பீட்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். அண்ணன் என்றேன். "அப்படியென்றால் அவருக்கும் சொல்லிவிடு!" நல்ல மனிதர், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

கண்டியில் எங்கள் வீட்டு ரெக்கோட் பிளேயர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதனால் எல்லாப் பாட்டும் அரைச்சுரம் கூடியே கேட்டது. அது பிழை என்று எங்களுக்கு எங்கே விளங்கியது? விரல் முறிகிற அந்தச் சுருதியிலேயே மாதக்கணக்காய்ப் பழகினோம். அண்ணன் டிரம்போன். அப்படியே கலியாண வீடுகளிலும் வாசித்தோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

எண்பத்துமூன்று ஆடியில் கடுகண்ணாவையில் ஒரு கலியாணம். எனக்குக் காய்ச்சல். "நீ பேசாமக் கிட. பொழுதுபடமுன்னம் வந்திடுவன்" என்று அண்ணன் தனியே பஸ் ஏறினான். பேராதனை தாண்டி எங்கோ, தமிழரைத் தேடிய கலவரக் கும்பல் பஸ்ஸை மறித்ததாம். உடலும் கிடைக்கவில்லை, டிரம்போனும் கிடைக்கவில்லை. செத்தவீடு, ஈமக்கிரியை எதுவும் செய்ய அம்மா கடைசிவரை விடவில்லை. "வாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லே போனவன்" என்பார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிழை மட்டும்தான். ஆனால் இந்த மண்டபமும் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இன்று அதே சவ ஊர்வலப் பாட்டைச் சரியான சுருதியில் வாசித்தேன். பழக அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு. பீட்டர் தோளில் தட்டினார். அம்மா விடாத செத்தவீட்டை நானே செய்து முடித்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், கையுறைக்குள் விரல்கள் கண்டியில் பழகிய அந்தப் பழைய துளைகளைத் தேடித் தேடி அமர்ந்து எழும்பின. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்துக் கதிரைப் பெண் என் கைகளைப் பார்த்து, "குளிருகிறதா?" என்று கேட்டாள்.

ஓம் என்று தலையாட்டினேன்.