காலி எடை

பிப்ரவரி 3: மரக்கம்பு
மார்ச் 10: 0
ஏப்ரல் 21: 5
ஜூன் 2: 10
ஜூலை 14: 20
ஆகஸ்ட் 25: 25

இவை கிலோக் கணக்கு. சமையலறை நாட்காட்டியில், பால் வராத நாட்களைக் குறிக்கும் அதே பென்சிலால் எழுதப்பட்டவை. எழுதியவளுக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. காய்கறி மொத்தக் கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகள் தராசில் நின்றவள். எல்லோருக்கும் அவள் தராசக்கா.

லாரியிலிருந்து இறங்கும் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கித் தராசில் வைக்க வேண்டும். வரும் எண்ணில் காலிப் பெட்டியின் எடையைக் கழித்து, மீதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை. மரப்பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொண்டுவந்த ஒரு வியாபாரியின் சரக்கை அங்கேயே கொட்டச் சொல்லி, வெறும் பெட்டியைத் தனியாக நிறுத்துக் காட்டி, அவன் முகத்தில் கரி பூசியிருக்கிறாள். காலி எடை விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் கிடையாது.

ஜனவரி முதல் வாரத்தில், உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைத் தூக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். எலும்பில் பழுதில்லை, கீழ்முதுகுத் தசைதான் பலவீனம் என்றார் மருத்துவர். இரண்டு வாரத்தில் நடமாடத் தொடங்கினாள். அதற்குள் அலுவலகக் கடிதம் வந்துவிட்டது. இனி அவள் வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதினால் போதும், சம்பளம் அதேதான். தராசில் மேலாளரின் மச்சான் நின்றான்.

சம்பளம் அதேதான் என்பதை அவள் கணவரும் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். அவர் தையற்காரர், உட்கார்ந்து செய்யும் வேலையை மட்டமாக நினைக்க அவருக்குக் காரணம் ஏதுமில்லை. அவளுக்கோ, உள்ளேயிருந்து அந்த மச்சான் எடை கூவும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாதி நேரம் அவன் பெட்டியைக் கழிக்கவே மறந்தான்.

மேலாளரிடம் போய்த் தராசைத் திருப்பிக் கேட்டாள். முடியாது என்றால் எழுதிக் கொடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டாவது கடிதம் வந்தது. செப்டம்பர் 8, ஆண்டு மருத்துவப் பரிசோதனை நாளில், மருத்துவர் முன்னிலையில், நாற்பது கிலோ சரக்குள்ள பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஐந்து முறை தூக்க வேண்டும். அந்தக் கிடங்கில் எந்தப் பெட்டியும் இருபத்தைந்து கிலோவைத் தாண்டியதில்லை. கடிதம் எழுதியவருக்கும் அது தெரியும், படித்தவளுக்கும் தெரியும்.

டயர் கடைக்கு மேலே ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அங்கிருந்த மாஸ்டர் முதல் ஐந்து வாரம் இரும்பைத் தொடவே விடவில்லை. ஒரு மரக்கம்பை அவள் முதுகோடு நிறுத்தினார். பின்தலை, முதுகு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியபடியே குனிய வேண்டும். இரண்டு கையிலும் பை இருக்கும்போது பின்னாலிருக்கும் கதவை எப்படிச் சாத்துவீர்கள், அப்படி இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள் என்றார். அத்தனை வருடம் முதுகை வளைத்துத் தூக்கியவளுக்கு, தூக்க வேண்டியவை காலும் இடுப்பும், முதுகு வளையாமல் பிடித்துக்கொண்டால் போதும் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

முதல் வாரம் வீட்டில் நாற்காலியில் உட்காரவே முனகினாள்.

"காசு குடுத்து வலி வாங்கிட்டு வர்ற ஒரே ஆளு நீதான்" என்றார் கணவர்.

"ஓசில வந்த வலிக்கு இது மேலுங்க."

பிறகு இரும்புக் கம்பி வந்தது. கம்பியின் இரு முனையிலும் வட்டுகள் ஏறின. ஒரு பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு என்பார் மாஸ்டர். வீட்டுக்கு வந்து பத்து என்று எழுதுவாள். நாற்பது என்ற எண்ணை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று பாவம் பார்ப்பார், இல்லை அவசரப்படுத்துவார்.

ஆகஸ்ட் 25 அன்று கணவர் நாட்காட்டியைப் பார்த்தார். இன்னும் இரண்டு வாரம், பதினைந்து கிலோ குறை. பேசாமல் விட்டுவிடு, நாலு பேர் முன்னால் மூக்குடைபட வேண்டுமா என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"தூக்க முடியலன்னா கீழ வச்சிட்டு வரேன். அதுக்காக இப்பவே போய் உக்காரச் சொல்லாதீங்க" என்றாள்.

செப்டம்பர் 8. அலுவலக அறை. மேலாளர், மருத்துவர், பெட்டியை நிரப்பி வைத்த மச்சான், வாசலை அடைத்துக்கொண்டு சுமை இறக்குபவர்கள். பெட்டியைக் காலோடு ஒட்டி இழுத்தாள். இல்லாத கதவை இடுப்பால் சாத்தினாள். மூச்சை வயிற்றில் அடக்கித் தூக்கினாள். பெட்டி சமர்த்தாக மேலே வந்தது.

அவள் அதை மேசையில் வைக்கவில்லை.

"இது நாப்பது இல்ல."

மேலாளர் விழித்தார்.

"கம்மியா போட்டிருக்கீங்க. எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்" என்றவள், பெட்டியும் கையுமாகத் தராசை நோக்கி நடந்தாள். மொத்தக் கூட்டமும் பின்னால் போயிற்று. தராசு நாற்பத்திரண்டு காட்டியது. கிழங்கைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை நிறுத்தாள். இரண்டு. மச்சான் வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியாகக் கழித்திருந்தான்.

"அக்கா, இன்னும் நாலு பாக்கி" என்றான் ஒருவன். கிழங்கை மறுபடி நிரப்பச் சொல்லி, சிரிப்பு அடங்குவதற்குள் நாலையும் முடித்தாள்.

மாலையில் மாஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, இருபத்தைந்து வரைதான் பழகியிருக்கும்போது நாற்பத்திரண்டு எப்படி வந்தது, கணக்கு இடிக்கிறது என்றாள். அவர் நாட்காட்டி எண்களைக் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"கம்பி இருவது கிலோக்கா. அத யாரு தூக்குனா?"

"கம்பிய எடையில சேப்பாங்களா தம்பி? பெட்டியச் சேத்துக் கணக்கு போட்டா எவன் சரக்கு எடுப்பான்?"

"முதுகுக்குத் தெரியுமாக்கா அது பெட்டியா சரக்கான்னு?"

வீட்டில் கணவர் அந்த எண்களுக்குப் பக்கத்தில் துணியில் கோடு போடும் சாக்பீஸால் இருபது இருபதாகக் கூட்டி எழுதினார். பென்சில் எண்களை அவள் திருத்தவில்லை.

முடிவு கடிதத்தில் வரும், அதுவரை நாற்காலிதான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் தராசில் நின்றாள். மச்சானைக் கண்ணாலேயே நகர்த்தினாள். கடிதம் வரட்டும் என்று மேலாளர் மறுபடி ஆரம்பித்தார்.

"வரட்டும் சார். இங்கதான் நிப்பேன், குடுத்தனுப்புங்க."

லாரிகள் வரிசையில் நின்றன. அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். அலுவலகம் ஐந்து வாரத்துக்கு மேல் யோசித்தது. அனுமதி கடைசியில் ஓர் உறையில் வந்தபோது அவள் கையில் தக்காளிப் பெட்டி இருந்தது. உறையை அப்படி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கழித்து எடையைக் கூவினாள். அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி அக்டோபர் 17.