ஐஸ் பெட்டிமேல் என் மாத்திரைகள்

எங்கள் வீட்டில் மாத்திரை போட யாருக்கும் வெட்கமில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு வீட்டில், சமையலறை ஐஸ் பெட்டியின்மேல் ஒரு பிஸ்கட் டின் உண்டு. மாமனாரின் சர்க்கரை மாத்திரை, மாமியாரின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதில்தான். உறவினர் வந்தால் யாருக்கு எத்தனை என்று பேச்சு களைகட்டும்.

என்னுடையது மட்டும் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மகன் வயிற்றில் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது, பிறகு கணவருக்கும். அவர் தன் மாத்திரையை வேலைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று ஈப்போ கிளினிக்கில் டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு இன்னொரு இரத்த முடிவைக் காட்டினார்.

"கிருமி அடங்கினாலும் உடம்பு சண்டைய விடல. உள்ளுக்குள்ள அழற்சி இருக்குன்னு இந்த அளவு காட்டுது. மாரடைப்பு வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட உங்களுக்குக் கூட."

"நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்? சாப்பாடா? தூக்கம் பத்தலையா?"

"ஒரு தப்பும் இல்ல லா. கொலஸ்ட்ரால் மாத்திரை ஒண்ணு தாரேன், இருதயத்துக்குப் பாதுகாப்பு, போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அந்தப் புது மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்.

"இது கொலஸ்ட்ராலுக்குத்தானே? நானும் இதான் போடுறேன். வா, நீயும் நம்ம கட்சி." டின்னைத் திறந்து இடம் ஒதுக்கினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குச்சி மாதிரி இருக்க. உனக்கெதுக்கு இது?"

கணவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பரம்பரை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மாமனாரும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் நான், மகன், மாமியார் மூவர்தான். எனக்கு நெஞ்சு வலித்தால் அவர் வாய்வுக் காத்து என்று தைலம் தேய்ப்பார். ஆம்புலன்ஸில் வருபவர்கள் கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு அத்தை. அதனாலதான் இருதயத்துக்கு இது."

அவர் கை டின்மேலேயே நின்றது. "புள்ளைக்கு?"

"இல்ல. சோதிச்சாச்சு."

"என் மவனுக்கு?"

"எனக்கும்தாம்மா," என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி.

"எனக்கு நெஞ்சு வலின்னா தைலம் தேய்க்காதீங்க அத்தை. ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. இதையும் சொல்லுங்க."

மாமியார் தன் மாத்திரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவசரப்பட்டுவிட்டேனோ, நான் சமைத்ததை இனிச் சாப்பிடுவாரோ, மகனைத் தூக்குவாரோ என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் சேலைகளுக்கு அடியில் இருந்த என் மாத்திரையையும் எடுத்துவந்து டின்னில் போட்டேன்.

மாமியார் நான் சமைத்ததைச் சாப்பிட்டார். மகனையும் தூக்கினார். என்னிடம் மட்டும் பேச்சு இல்லை, ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை வந்துகொண்டிருப்பதாகப் போன் வரும்வரை.

"அந்த ரெண்டையும் உள்ள எடுத்து வை. அவ வாய் சும்மா இருக்காது."

"இருக்கட்டும் அத்தை. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"என்னத்தச் சொல்லுவ?"

"உங்ககிட்ட சொன்னதத்தான்."

"வாய் ரொம்பக் கூடிப்போச்சு உனக்கு," என்று முறைத்துவிட்டு, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கைக்கு வாசல் கேட்டைத் திறக்கப் போனார்.

டின்னையாவது மூடிவைக்கலாமா என்று நினைத்தேன். மூடவில்லை.