காலைத் தட்டக் கூடாத நடன வகுப்பு

பதினோராம் வகுப்பில் நடனத்தையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்று பள்ளியின் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மேலூரிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ் ஏறச் சம்மதித்தேன். ஆறு வயதிலிருந்து ஆடிக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு மார்க்கும் போடுவார்கள் என்றால் கசக்குமா?

நடனம் எடுத்தவர்கள் இரண்டே பேர். நானும், வண்டியூரிலிருந்து வந்த ஒருத்தியும். எங்களுக்குக் கொடுத்த அறை முதல் மாடியில், பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் நடக்கும் அறைக்கு நேர் மேலே இருந்தது. இதை எந்தப் புண்ணியவான் முடிவு செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் வாரமே, தரையைக் காலால் தட்டி ஆடும் தட்டடவில் வேகம் கூட்டிய நேரத்தில், கணக்கு சார் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்னம்மா, மேல வீட்டை இடிக்கிறீங்களா? கீழ ஒரு வார்த்தை பேச முடியல."

எங்கள் நடன மிஸ் இன்னொரு பள்ளியிலும் வேலை பார்த்தார். இங்கே வாரத்துக்கு மூன்று நாள்தான். வேலை நிரந்தரம் இல்லை என்பதால் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். "பாத்துக்கிறேன் சார்" என்றார். மறுநாள் முதல்வரிடமிருந்து ஒரு தாள் வந்தது. நடன வகுப்பில் சலங்கை கட்டக் கூடாது, தரையைத் தட்டக் கூடாது.

தட்டாமல் பரதத்தில் வேறென்ன செய்வது? மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். பாதத்தை வேகமாக இறக்கி, தரை வந்ததும் நிறுத்தி, ஓசைப்படாமல் வைக்க வேண்டும். முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருந்துகொண்டு அப்படிச் செய்து பாருங்கள், தொடை கழன்று விழும். வேறு அறை கேட்டோம். கேண்டீனை ஒட்டிய ஷெட்டைக் காட்டினார்கள். உடைந்த பெஞ்சுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. "காலி பண்ணித் தர்றோம்" என்றார்கள். இரண்டு வருடமும் காலியாகவில்லை.

அதனால் பாதி வகுப்புகள் ரெக்கார்டு நோட்டில் கழிந்தன. ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டையும் பென்சிலால் வரைந்து, எதிர்ப்பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டும். எனக்குக் கையில் பிடித்துக் காட்ட வரும், வரைய வராது. நான் வரைந்த மயூர முத்திரை இஞ்சித் துண்டு போல இருந்தது. மிஸ் நோட்டை மூன்று முறை திருப்பிக் கொடுத்தார், அதில் ஒரு முறை மார்ஜின் கோணல் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இடக்கையையே பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத் தூரம் பஸ்ல போறது படம் வரையத்தானா?"

"நான் வேற ஸ்கூலுக்குப் போறேம்மா."

"நடுவுல யாரு சேத்துக்குவாக? பேசாம வரை."

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும். அத்தனை ஞாயிறுகளைத் தின்ற நோட்டை நான்கே புரட்டில் மூடி வைத்துவிட்டு, என்னை முதலில் கூப்பிட்டார்.

"ஜதீஸ்வரம் ஆடும்மா."

மிஸ் தன் போனில் பாட்டைப் போட்டார். ஆடினேன். பாதியில் தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"பின்ன ஏன் கால் தரையில விழவே மாட்டேங்குது?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "கீழ கணக்கு கிளாஸ் நடக்குது மேடம். தட்டக் கூடாதுன்னு ஆர்டர். ரெண்டு வருசமா இப்படித்தான் ஆடுறோம்."

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். "ஆமா மேடம்" என்றார் மிஸ், தலையை நிமிர்த்தாமல்.

"சலங்கை இருக்கா? கட்டிக்கிட்டு முதல்ல இருந்து ஆடு."

பையில் இருந்தது. கட்டிக்கொண்டு ஆடினேன். என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. தட்ட வேண்டிய இடத்தில் தானாகத் தயங்கியது. மூன்றாவது கோர்வையில்தான் பாதம் முழுசாக விழுந்தது. அதற்குப் பிறகு கணக்கு சாரை நினைத்துத்தான் மிதித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

நினைத்தபடியே அவர் வந்து நின்றார், கையில் சாக்பீஸோடு.

"இன்னும் எம்புட்டு நேரமாகும் மேடம்?"

"அந்தப் பிள்ளை ஆடி முடிக்கணும். அப்புறம் இன்னொரு பிள்ளை இருக்கு."

அவர் இறங்கிப் போனார். வண்டியூர்க்காரி ஆட எழுந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வகுப்பு மொத்தத்தையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடமாக அது ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஐந்து பாடங்களில் நடனத்தில்தான் எனக்கு அதிக மார்க். பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள். ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குக் கீழும் முதல் மார்க் வாங்கியவர் படம். என் படம் 'இதர பாடங்கள்' என்பதற்குக் கீழே இருந்தது. ஆபீசுக்குப் போன் செய்து, நடனம் என்று போடச் சொன்னேன்.

"அடுத்த வருசம் கரெக்டா போட்டுருவோம்மா" என்றார்கள்.

அடுத்த வருடம் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டார்கள்.