பதில் சொல்ல ஓர் ஆள்

எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் பாதிரியார் தனியாகப் பூசை வைக்க முடியாது. அவர் சொல்லும் ஜெபத்துக்குப் பதில் சொல்லக் கீழே ஓர் ஆளாவது நிற்க வேண்டும். இப்படி ஒரு முறை இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்தபோது அந்த ஓர் ஆள் நானாகியிருந்தேன்.

சிவாஜிநகர் சந்தில் இருக்கும் எங்கள் தமிழ்க் கோயிலில் ஒரு காலத்தில் நிற்க இடம் கிடைக்காது. பிள்ளைகளுக்கு ஐ.டி. வேலை கிடைக்கக் கிடைக்க, குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே குடிபோயின. என் மனைவியும் முழங்கால் வலியோடு ஆனேக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் வாடகை வீட்டில் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னையா, ஃபாதரையா? யாரைங்க கட்டிக்கிட்டீங்க?" என்று போனில் கேட்பாள். கோபம் வரும். அவள் கேட்பது நியாயம் என்பதால் இன்னும் கோபம் வரும்.

ஃபாதர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. முசுடாக இருந்திருந்தால் என்றோ கிளம்பியிருப்பேன். பூசை முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்து சபை வரலாறு பேசுவார். "எருசலேம் போச்சு, அந்தியோக்கியா வந்துச்சு. அது தேஞ்சுது, கான்ஸ்டான்டினோபிள் எழும்புச்சு. ரஷ்யாவுல கோயிலை எல்லாம் குடோன் ஆக்குனாங்க, இப்ப அங்க மணி அடிக்குது. இங்கயும் ஒரு நாள் வரும், பாருங்க."

வரும்வரை நிற்கச் சபைக்கு நூற்றாண்டுகள் இருந்தன. எனக்கு இருப்பது ஒரு கிழ உடம்பு.

போன ஞாயிறு துணிந்து பெட்டியோடு போனேன். பூசை முடிந்ததும் பஸ் ஏறுவதாகத் திட்டம்.

"ஃபாதர், இன்னியோட நான் ஆனேக்கல் போறேன். இனிமே வர முடியாது."

"போங்க. வீட்டம்மா காத்துட்டிருப்பாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அங்கி மாட்டப் போனார்.

பலிபீடத்தின் திரை விலகியது. வெறும் பாயில் நான் ஒருவன். அவர் என் பக்கம் திரும்பி, கூட்டம் நெரிந்த நாட்களில் சொன்ன அதே குரலில், "உங்கள் அனைவருக்கும் சமாதானம்" என்றார். நான் வாய் திறக்காவிட்டால் பூசை அங்கேயே நின்றுவிடும்.

"உம்முடைய ஆவியோடும்," என்றேன்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டீங்களா?" என்றாள்.

என் கை பெட்டியின் மேல் இருந்தது. அவளுக்குச் சொல்லத்தான் என்னிடம் பதில் இல்லை.