முருகையா இறக்கின கள்

இன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டுக் கள்ளுக்கடைக்குப் போனேன். படிப்பு ஏழாம் வகுப்புதான் என்றாலும் கள்ளு விஷயத்தில் நான் பெரிய மேதை என்று கடையே நம்புகிறது. நம்ப வைத்தது நான்தான்.

ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது சுவா சூ காங் தோட்டத்து முருகையா இறக்கினது. அந்தக் கை வேற யாருக்கும் வராது லா" என்றேன்.

பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்தார். "முருகையா என் அண்ணன்தாங்க. முந்தாநாள் மரத்துலேருந்து விழுந்து செத்துட்டாரு. இது நான் இறக்கினது."

"சாவு வீட்டுலேருந்தா மரம் ஏறினீங்க?"

"பாளையைச் சீவாம விட்டா காஞ்சிரும். எல்லாம் அண்ணன் தட்டித் தட்டிப் பழக்கின பாளைங்க. விட மனசு வரலை." கொஞ்சம் தயங்கினார். "நெசமாச் சொல்லுங்க, அவரு கள்ளு மாதிரியே இருக்கா?"

எனக்கு எல்லாக் கள்ளும் ஒன்றுதான். இத்தனை வருஷமும் பீப்பாயில் எழுதியிருக்கும் தோட்டத்துப் பெயரைப் பார்த்துத்தான் அளந்து வந்தேன்.

"அதேதான் தம்பி" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

திட்டுகிறவர்கள் திட்டலாம். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.