பூட்டி வைத்த கேமரா

நரம்பு டாக்டருக்குப் பாதி நோய், நோயாளி கதவைத் திறந்து நடந்து வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் தெரிந்துவிடும். என்னிடமிருந்து அந்தக் கதவையும் நாற்காலியையும் பிடுங்கிக்கொண்டு ஒரு திரையைக் கொடுத்தார்கள். கல்கத்தாவின் அலிப்பூரில் ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நோயாளிகளை வீடியோவில் பார்ப்பது என் வேலை. அங்கே ஸ்கேன் உண்டு, நரம்பு டாக்டர் கிடையாது. உங்கள் அலுவலகத்தில் என்றாவது புது மெஷின் வந்து இறங்கியிருந்தால் நீங்களும் என் சாதி சனம்தான், மேலே படியுங்கள்.

திறப்பு விழா

அந்த ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஒரு கேமரா, ஒரு ஸ்பீக்கர், ஒரு திரை. அதற்குச் செண்டுமல்லி மாலை போட்டு ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாலை கேமராவையே மறைத்துவிட்டதால், விழா முழுவதும் நான் பார்த்தது ஆரஞ்சு நிற இதழ்களை மட்டும்தான். மாலையை விலக்கிய பிறகு கட்டிலில் ஒரு நோயாளி தெரிந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. "வலது கையைத் தூக்குங்கள்" என்றேன். இரண்டு கையையும் கூப்பி எனக்கு வணக்கம் சொன்னார். பார்த்தால், அந்த ஆஸ்பத்திரி கிளார்க்!

வார்டு நிறைய நோயாளிகள் இருக்கும்போது கிளார்க்கை ஏன் படுக்க வைத்தீர்கள் என்று ஆஸ்பத்திரியின் சூப்பரின்டெண்டைக் கேட்டேன். அவரை அங்கே எல்லோரும் சூப்பர் என்பார்கள். சூப்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நிஜ நோயாளி எதுக்கு டாக்டர்? போட்டோல நல்லா இருக்க மாட்டாங்க."

எல்லாம் கேஸ்

நான் பிறந்து வளர்ந்தது இதே கல்கத்தாவில், டாக்குரியாவில். அப்பா இங்கே பேங்க் ஆபீசர். என் தமிழில் வங்காள வாடை அடிப்பதாக எங்கள் டெக்னீஷியன் செந்தில் சொல்வான். அவன் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று, இவர்கள் வாயுவின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. தலை வலித்தால் கேஸ். கை மரத்துப்போனால் கேஸ். ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் மாமியார் கையில் கேஸ் மாத்திரை அட்டையோடு நிற்கிறார்.

"எப்போது விழுந்தாய் அம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். ஐந்து பேர் பதில் சொன்னார்கள், அவளைத் தவிர. கடைசியில் மாமியார் மற்றவர்களை விலக்கிக்கொண்டு கேமராவுக்கு நேராக வந்து, என்னை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, ஏதோ பாடம் எடுப்பதுபோல அறிவித்தார்: "எங்க வீட்டுல எந்த வியாதியும் கேஸ்லதான் ஆரம்பிக்கும், டாக்டர் தீதி. நீங்க முதல்ல அதைப் பாருங்க."

சாவி

ஒரு மாதத்தில் அழைப்புகள் குறைந்தன. அந்த ஊரில் நரம்பு வியாதியே ஒழிந்துவிட்டதோ என்று விசாரித்தேன். விலை உயர்ந்த சாமான், வார்டில் விட்டால் தூசி படும், யாராவது இடித்துவிடுவார்கள் என்று சூப்பர் அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் அறையில் பூட்டிவிட்டாராம். சாவி அவர் சட்டைப் பையில். அவர் வரும்வரை நோயாளிகள் காத்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், சூப்பரின் சௌகரியத்தை மூளை பார்க்காது என்று தலைமை அதிகாரிக்கு எழுதினேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. ஒரு நாள் அந்த அதிகாரியே லிஃப்ட்டில் மாட்டினார். பிடித்துக்கொண்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "மெஷின் பத்திரமா இருக்குல்ல? அப்புறம் என்ன கம்ப்ளெயிண்ட்?"

ஒரு மாடி கீழே

ஹராதன் அந்த ஊர்ச் சந்தையில் மீன் விற்பவர். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டுபோனது. வாய் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. மனைவி கேஸ் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார். பக்கத்துக் கடைக்காரர்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். ஸ்கேன் முடிந்தபோது பன்னிரண்டு. ஒன்றரைக்குள் ஊசி போட்டால் அந்தக் கை பிழைக்கும். ஆனால் நான் பார்த்துச் சொல்லாமல் அங்கே இருக்கும் இளம் டாக்டர் போட முடியாது. தப்பான ஆளுக்குப் போட்டால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளே போய்விடுவார்.

சூப்பர் அன்று ஊரில் இல்லை. கல்கத்தாவில் மீட்டிங். எங்கே என்று விசாரித்த செந்தில் படியேறி ஓடி வந்தான். மீட்டிங் எங்கள் கட்டிடத்திலேயே, முதல் மாடியில். தலைப்பு, டெலிமெடிசினில் தாமதத்தைக் குறைப்பது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "மேடம், சாவி கீழதான் இருக்கு. கேமராதான் அங்க கெடக்கு. பூட்ட உடைக்கக் கூடாதுன்னு வேற சொல்லுதாரு."

சலைன் ஸ்டாண்ட்

அப்போது என் செல்போன் அடித்தது. வீடியோ காலில் அந்த வார்டின் நர்ஸ், சிஸ்டர் ரூபா. தன் சொந்த போனை சலைன் ஸ்டாண்டில் பேண்டேஜ் சுற்றிக் கட்டி, ஹராதன் முகத்துக்கு நேராக நிறுத்தியிருந்தார். சிரிக்கச் சொன்னேன், பாதி முகம்தான் சிரித்தது. வலது கையை சிஸ்டர் தூக்கி விட்டார், தொப்பென்று விழுந்தது. பிறகு போனை ஸ்கேன் படத்துக்கு நேராகப் பிடித்தார். மூளையில் ரத்தக் கசிவு இல்லை. பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. படம் இரண்டு முறை உறைந்து நின்றது. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "போடுங்கள்" என்றேன்.

மூன்று மணிக்கு அந்த வலது கை படுக்கையை விட்டு ஒரு சாண் எழுந்தது. நான் அழுதேன், செந்தில் ஏதோ வயரைச் சரிபார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். ஹராதன் வாய் திறந்து, குழறலாக, ஆனால் புரியும்படி, மனைவியிடம் முதலில் கேட்டது: "என் அரிவாள்மணைல யாரு உக்காந்திருக்கான்?"

விளக்கம் கேட்டு

அடுத்த வாரம் பாராட்டுக் கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்தது; சூப்பருக்கு. தாமதமில்லாத சிகிச்சைக்காக. சிஸ்டர் ரூபாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அரசாங்கக் கருவி இருக்கும்போது சொந்த போனைப் பயன்படுத்தியது ஏன், நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று. எனக்கு ரத்தம் கொதித்தது. அவருக்காக நான் நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நடவடிக்கையைக் கைவிட வைத்தது ஹராதன். சந்தை ஆட்கள் இருபது பேரோடு வந்து, சூப்பர் மேஜை மேல் அந்த வலது கையை வைத்து, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாராம்.

சாவி விஷயத்திலும் முன்னேற்றம் உண்டு. இப்போது அந்த அறைச் சாவி வார்டிலேயே ஒரு பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் சாவி சூப்பர் பையில். சிஸ்டர் ரூபா போனுக்கு ஒரு புது ஸ்டாண்ட் வாங்கிவிட்டார். அவர் கொடுத்த விளக்கம் ஒரே வரி. அதை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்: "கருவி பூட்டிய அறையில் நலமாக இருந்தது, நோயாளி நலமாக இல்லை."

மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன்; ஒரு மாடி கீழே மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.