பங்கு ஆட்டுக்குப் பெயர் சொன்னது

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, காலை. அட்டன். மழை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இரண்டு சார்புகள் எழுதப்பட்டன. முதலாவது, ஒரு பட்டியலைச் சமமான துண்டுகளாகப் பிரிப்பது. இரண்டாவது, பட்டியலின் வரிசையைக் குலைத்து எழுமாறாக அடுக்குவது. முதலாவது சரியாக இயங்கியது. இரண்டாவது கடைசிப் பெயரை இடம் மாற்றவில்லை. மதியத்துக்கு முன் திருத்தப்பட்டது.

இவற்றைப் பிறர் எழுதிவைத்த நிரல் நூலகங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கற்பதற்காக நானே சிறிய நூலகம் ஒன்றை எழுதுகிறேன். மனைவி காலமான பின் தொடங்கிய பயிற்சி இது. சார்பைச் சோதிக்க ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தின் வரிசை வீடுகளைத் தட்டெழுதினேன். அந்தப் பெயர்களை உரக்கச் சொல்லும் பொறுப்பு ஒரு தீபாவளியன்று எனக்குத் தரப்பட்டிருந்தது.

எங்கள் லயத்தில் தீபாவளிக்குச் சேர்ந்து காசு போட்டுப் பங்கு ஆடு அறுப்பார்கள். கழுவி விரித்த படங்குச் சாக்கின் மேல், பங்கில் சேர்ந்த வீட்டுக்கு ஒன்றாகக் கறியைக் கூறு வைப்பார்கள். சச்சரவு வராதிருக்க, ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிற்கவைத்து, ஒரு கூறைத் தொட்டு, யாருக்கு என்று கேட்பார்கள். பிள்ளை சொல்லும் வீட்டுக்கு அது போகும். சொன்னதை மாற்றுவதில்லை. எழுமாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தைப் பின்னாளில் எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை.

மாமா ஒரு கூறைத் தொட்டார். "இது யாருக்குடா?"

"பெரியப்பாவுக்கு!"

"இது?"

"மாமாவுக்கு!"

"அடப்பாவி, எலும்பாப் பாத்து எனக்குத் தள்ளுறியே! ஒனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூறுக்கு நான், "சித்தப்பாவுக்கு!" என்றேன்.

சிரிப்பு நின்றது. சித்தப்பா அந்த ஆடியில்தான் இறந்திருந்தார். துக்க வருடமாதலால் சித்தி பங்கில் சேரவில்லை. நானோ வீடுகள் நின்ற வரிசையில் சொல்லிக்கொண்டு போனேன்.

"சின்னப் பையன், தெரியாமச் சொல்லிட்டான். வேற பேரு சொல்லச் சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

"கூப்பிட்டது கூப்பிட்டதுதாங்க" என்றார் அப்பா. "அடுத்த கூறத் தொடுங்க."

எங்கள் வீட்டை, மரியாதை கருதி, கடைசிக்கு வைத்திருந்தேன். கேள்வி அதற்கு முன்பே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் படங்கில் பெயர் சொல்லாத கூறு ஒன்றும் இல்லை. எங்களுக்கு மட்டும் தீபாவளிக்குக் கறி கிடையாது என்று விளங்கியதும் அழத் தொடங்கினேன்.

அப்பா சித்தப்பாவின் கூறை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு நடந்தார். அழுதபடியே நானும் போனேன்.

"எனக்கு ஏதுங்க தீவாளி? காலையிலருந்து அடுப்பே பத்தவெக்கலையே" என்றார் சித்தி.

"தீவாளிக்கு இல்லம்மா. இது என் தம்பி பங்கு. நீ ஆக்கு, நாங்க எல்லாரும் சாப்பிட வர்றோம்."

சித்தி மிளகு அரைத்தார். அம்மா எங்கள் சோற்றுப் பானையைத் தூக்கி வந்தார். மாமா தம் எலும்புகளைச் சட்டியில் கொட்டி, "இனி இவன் பாடு" என்றார். ஈரல் எனக்கு வந்தது. தண்டனைக்குப் பதிலாக ஈரல் கிடைக்கும் உலகம் சீரானதே என்று எண்ணி, நன்றாகச் சாப்பிட்டேன்.

மற்றவர்கள் எழுந்து போனதும் சித்தி என்னை அருகே இழுத்து உட்காரவைத்தார். "அங்க எப்படிச் சொன்ன? மறுபடி ஒருக்காச் சொல்லு."

"சித்தப்பாவுக்கு!"

"இன்னும் சத்தமா."

சொன்னேன். மீண்டும் கேட்டார், மீண்டும் சொன்னேன். பிறகு அம்மாவிடம் ஓடிப் போய், சித்திக்குக் காது மந்தமாகிவிட்டது என்று தெரிவித்தேன்.

செய்யாமல் விட்டவை:

வெற்றுப் பட்டியலுக்கான சோதனை.
ஒவ்வொரு சார்புக்கும் விளக்கக் குறிப்பு.
இல்லாதவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும் சார்பு.